பதின்மூன்றாம் பக்கத்தில் ஒன்பது பேர்

இன்று வெள்ளிக்கிழமை, காலை மணி பதினொன்று இருபது. உனக்கு வயது பதினோரு மாதம். என் கம்பெனியில் பங்குதாரர்கள் ஒன்பது பேர். அதில் வேலை செய்கிறவர்கள் இரண்டு பேர்.

மகளே, இந்தக் கணக்கைப் பார்த்து உனக்குச் சிரிப்பு வந்தால் நீ புத்திசாலி. எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வருகிறது. நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை உனக்குக் காதுகுத்து. ஜொகூர் பாருவில் கோயில் மண்டபத்துக்குச் சொல்லியாகிவிட்டது, சாப்பாட்டுக்குச் சொல்லியாகிவிட்டது, ஆசாரியிடமிருந்து தோடும் வந்துவிட்டது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். உனக்கு இருப்பது ஒரே தாய்மாமன், உன் அம்மாவின் அண்ணன் சேகர். அவர் வரமாட்டேன் என்கிறார். காரணம் நகையோ, சாப்பாடோ, பழைய சண்டையோ இல்லை. முதலீட்டாளர்களுக்காக நான் எழுதிய தொழில் திட்டத்தின் பதின்மூன்றாம் பக்கம்.

நீ இதைப் படிக்கும்போது வளர்ந்திருப்பாய். நீயும் ஒருநாள் கம்பெனி ஆரம்பிக்கிறேன் என்று ஒரு கட்டுத் தாளைத் தூக்கிக்கொண்டு யார் முன்னாலாவது உட்காரலாம். அப்போது உனக்கு அறிவுரை சொல்ல எனக்குப் பொறுமை இருக்குமா தெரியாது. இப்போதே இல்லை. அதனால் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். யாருக்கும் தெரியாமல் எழுதவில்லை. பெரியப்பா படிக்கட்டும், சித்தப்பா படிக்கட்டும், இரண்டு குடும்பத்து வாட்ஸாப் குழுவிலும் சுற்றட்டும்.

முதலில் நான் என்ன தொழில் செய்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். பெக்கான் நானாஸில் அன்னாசி விளைகிற மண் சாதாரண மண் இல்லை. அழுகிய வேரும் இலையும் சேர்ந்து பஞ்சு மாதிரி இருக்கும் கறுப்பு மண். அதில் தண்ணீர் ஏறினால் அன்னாசி வேர் அழுகும். ரொம்ப இறங்கினால் மண் காய்ந்து உள்ளுக்குள்ளேயே தீப்பிடிக்கும். மேலே புகை மட்டும் வரும், எங்கே எரிகிறது என்று யாருக்கும் தெரியாது. நானும் ஜெரால்டும் செய்தது மிக எளிமையான சாமான். ஜெரால்டு என்னோடு பொலிடெக்னிக்கில் படித்தவன். பக்கமெல்லாம் துளை போட்ட பிளாஸ்டிக் குழாயை மண்ணுக்குள் இறக்குகிறோம். உள்ளே ஒரு மிதவை. தண்ணீர் மட்டம் ஏறினாலோ இறங்கினாலோ தோட்டக்காரரின் கைப்பேசிக்குச் செய்தி போகும். அவர் போய் வாய்க்கால் மடையைத் திறப்பார் அல்லது மூடுவார். அவ்வளவுதான். இது வேலை செய்கிறது. மழைக்காலம், வெயில்காலம் இரண்டிலும் வேலை செய்தது.

வேலை செய்கிற ஒரு சாமானை விற்பதற்கு எதற்காக இவ்வளவு நாடகம் ஆட வேண்டும் என்பதுதான் என் முதல் கோபம். இணையத்தில் தேடினால் தொழில் திட்டம் எழுதுவது எப்படி என்று ஆயிரம் பேர் சொல்லித் தருகிறார்கள். எல்லாரும் ஒரே மாதிரி. முதல் பக்கத்தில் ஒரு கனவு, இரண்டாம் பக்கத்தில் ஒரு பிரச்சினை, மூன்றாம் பக்கத்தில் உலகச் சந்தை. நானும் அப்படியே எழுதினேன். உலகத்தில் விவசாயத்துக்கு எவ்வளவு செலவாகிறது என்று எங்கோ பிடித்த ஒரு பெரிய எண்ணைப் போட்டு, அதில் ஒரு துளி நமக்குக் கிடைத்தால் போதும் என்று எழுதினேன். நீ தவழ்ந்து வந்து அந்தத் தாளைப் பிடுங்கி மூலையைக் கடித்துத் தின்றாய். சரியான பக்கத்தைத்தான் தின்றாய். பிறகு நானும் ஜெரால்டும் மோட்டார் சைக்கிளில் போய், எந்தத் தோட்டத்துக்கு எத்தனை வாய்க்கால், மடையை யார் திறக்கிறார், மாதாமாதம் யார் காசு கொடுப்பார் என்று கேட்டுக் கேட்டு எழுதினோம். உலகச் சந்தை போய் மூன்று வட்டாரத்து வாய்க்கால்கள் வந்தன. எண்ணிக்கை சிறுத்துவிட்டது. ஆனால் யார் கேட்டாலும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாம். நீ எழுதினால் இப்படித்தான் எழுத வேண்டும். நடந்து போய்க் காட்ட முடியாத எதையும் எழுதாதே.

முதலில் சந்தித்த முதலீட்டாளர் என்னைவிட இரண்டு வயது பெரியவராக இருப்பார். குளிர்ந்த அறை, வெள்ளைக் காலணி. நம்மாள்தான், தமிழில்தான் பேசினார். திட்டத்தை ஒரு பக்கம்கூட முழுசாகப் படிக்கவில்லை.

"பிரதர், சாமான் ஓக்கே லா. ஆனா கதை எங்க? உங்க அப்பா தோட்டத்துல வேல செஞ்சவரா?"

"இல்ல. ஏர்கோன் ஃபேக்டரியில சூப்பர்வைசர்."

"அவரோட அப்பா?"

"லோரி ஓட்டுனாரு."

"யாராச்சும் ரப்பர் தோட்டத்துல கித்தா மரம் வெட்டிப் பால் எடுக்கலையா? ஒரு பழைய படம் கெடைச்சா போதும். மொத பக்கத்துல போட்டா ஆளுங்க உருகிருவாங்க."

நான் எழுந்துவிட்டேன். ஜெரால்டு என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தான். "எங்க மாமா ஒருத்தரு பால் மரம் வெட்டுனாரு, அவரு படத்தை வாடகைக்குத் தரவா சார்?" என்று மிக மரியாதையாகக் கேட்டான். அந்த மனிதருக்கு அது கிண்டல் என்று புரியவே இல்லை. நல்ல யோசனை என்றார். மகளே, நம்முடைய முன்னோர்கள் பட்டது உண்மை. அதற்காக அவர்கள் முகத்தைத் தண்ணீர்க் குழாய் விற்க ஒட்டுவதா? ஒரு முதலீட்டாளர் உன் சாமானைக் கேட்காமல் உன் ஏழ்மையைக் கேட்டால் எழுந்து வந்துவிடு. யார் சட்டையைப் பிடித்து இழுத்தாலும் உட்காராதே.

இரண்டாவதாகச் சந்தித்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு சீனப் பெண்மணி. சிங்கப்பூரிலிருந்து பாலம் தாண்டி வந்திருந்தார். கோப்பி வந்தது, ஆறிப்போனது, அவர் நிமிரவில்லை. பக்கம் பக்கமாகப் படித்தார். ஒன்பதாம் பக்கத்தில் காட்டுப்பன்றி பிடுங்கிப் போட்ட குழாய்களைப் பற்றி எழுதியிருந்தோம். அதை எழுதக் கூடாது என்று நான் சண்டை போட்டேன், ஜெரால்டுதான் பிடிவாதமாகச் சேர்த்தான். அந்தப் பக்கத்தில் அவர் நீண்ட நேரம் நின்றார். பன்றி வந்த பிறகு என்ன மாற்றினீர்கள் என்று கேட்டார். குழாயைச் சுற்றிக் கம்பி வளையம் போட்டதைச் சொன்னோம். தலையாட்டினார். நான் தோற்ற சண்டைகளில் எனக்கு நல்லதாக முடிந்தது அது ஒன்றுதான். விழுந்ததை எழுதினால்தான் எழுந்ததை நம்புவார்கள்.

பிறகு பதின்மூன்றாம் பக்கம். கம்பெனி யாருடையது என்று சொல்கிற பக்கம். அவர் பேனாவைக் கீழே வைத்தார். இந்த ஏழு பேரும் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஆலோசகர்கள்" என்றேன்.

"கடைசியாக எதற்கு ஆலோசனை கேட்டீர்கள்?"

கடைசியாகப் பெரியப்பாவிடம் நான் கேட்ட ஆலோசனை, உனக்குக் காது குத்த நல்ல நாள் எது என்பது. ஜெரால்டு இருமினான்.

அந்த ஏழு பேர் எப்படி வந்தார்கள் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் உனக்கும் இது நடக்கும். கம்பெனியைப் பதிவு செய்யப் போகிறேன் என்று ஒரு தீபாவளி அன்று காஹாங்கில் பெரியப்பா வீட்டில் வாய்விட்டுச் சொன்னேன். அதுதான் தப்பு. முறுக்குத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் பெரியப்பா நிமிர்ந்தார்.

"ஏன்டா தம்பி, கம்பெனி ஆரம்பிக்கிற. பெரியவங்க பேரு இல்லாம ஆரம்பிப்பியா?"

பெரியப்பா பேரைப் போட்டேன். அவருக்குப் போட்டால் என் அப்பாவுக்குப் போடாமல் இருக்க முடியுமா? அப்பாவுக்குப் போட்டால் சித்தப்பா? மூன்று அண்ணன் தம்பிக்கும் போட்டுவிட்டு, கூடப் பிறந்த அத்தையின் வீட்டுக்காரரை விட்டால் அத்தை முகத்தில் எப்படி முழிப்பது? காரில் வீட்டுக்கு வரும்போது ஆயர் ஹித்தாம் தாண்டியதும் உன் அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "உங்க பக்கம் நாலு பேரு. எங்க பக்கம் ஒரு ஆளு கூட இல்லையா?" அவள் பக்கம் மூன்று பேர் ஏறினார்கள்: என் மாமனார், அவர் தம்பி, சேகர் மாமா. ஒருவருக்குக் கூட, ஒருவருக்குக் குறைய என்று பேச்சு வரக் கூடாது என்று ஆளுக்கு நூற்றுக்கு ஐந்து பங்கு. ஏழு ஐந்து முப்பத்தைந்து. ஜெரால்டுக்கு முப்பது, எனக்கு முப்பத்தைந்து. கம்பெனித் தலைவர் பெரியப்பா, வயதில் மூத்தவர் என்பதால். தாளைப் பார்த்த ஜெரால்டு அதைத் திருப்பி, பின்பக்கமும் பேர் இருக்கிறதா என்று பார்த்தான்.

"டேய், இது கம்பெனியா கல்யாணப் பத்திரிகையா? கீழ 'தங்கள் நல்வரவை நாடும்'னு மட்டும்தான் இல்ல."

சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. அவன் சொன்னது முழுக்க உண்மை. பத்திரிகையில் ஒரு சித்தப்பா பேர் விட்டுப்போனால் அந்தக் குடும்பமே கல்யாணத்துக்கு வராது என்று பார்த்து வளர்ந்த கைதான் கம்பெனிப் பங்கையும் எழுதியது. ஆனால் பத்திரிகையில் பேர் போட்டதற்காக யாரும் மண்டபத்தைப் பங்கு கேட்பதில்லை. பங்கு என்பது பேர் இல்லை. அது கையெழுத்து. அந்தப் பெண்மணி பொறுமையாக விளக்கினார்: நாளைக்கு இன்னொருவர் முதலீடு செய்ய வந்தால் இந்த ஒன்பது பேரும் சம்மதிக்க வேண்டியிருக்கும். ஒருவர் ஏதாவது விசேஷத்தில் மனவருத்தப்பட்டுக் கையெழுத்துப் போடாவிட்டால் கம்பெனி நின்றுவிடும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல், குழாயை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாதவர்களிடம் இருக்கிறது. மற்ற பக்கங்கள் நன்றாக இருக்கின்றன, இதை மட்டும் சரிசெய்துகொண்டு அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் வாருங்கள் என்றார். அவர் மேல் எனக்கு ஒரு துளி கோபம் இல்லை. தாளைப் படித்த ஒரே ஆள் அவர்.

அதற்குப் பிறகு நான் செய்ததைத்தான் உன் அம்மா இன்னும் மன்னிக்கவில்லை. நான் பொறியியல் படித்தவன். பிழை எங்கே என்று தெரிந்தால் உடனே திருத்த வேண்டும். புதன்கிழமை மத்தியானம், பங்கை என் பேருக்கு மாற்றித் தருகிற தாளை ஏழு பேருக்கும் தயார் செய்து, இரண்டு குடும்பத்து வாட்ஸாப் குழுவிலும் போட்டேன். "இணைப்பில் உள்ள தாளில் கையெழுத்திட்டு வியாழக்கிழமைக்குள் அனுப்பவும். நன்றி." சித்தப்பா கட்டைவிரல் காட்டினார், தாளைத் திறக்கவில்லை. அத்தை ஒரு ரோஜாப்பூ படம் அனுப்பினார். பெரியப்பா மூன்று நிமிடத்துக்குக் குரல் பதிவு அனுப்பினார். அதில் முதல் ஒரு நிமிடம் மூச்சு மட்டும்தான், பிறகு, "என்னைத் தலைவர்னு காஹாங் பூரா சொல்லிட்டேன், இப்ப எந்த மூஞ்சியோட கோயிலுக்குப் போவேன்?" பங்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நூற்றுக்கு ஐந்து என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது. பேர் போகிறது என்பது மட்டும் தெரிகிறது. இதற்கு என்ன சொல்வது? அலமாக்!

நேற்றுச் சாயங்காலம் சேகர் மாமா கூப்பிட்டார். அவர் சிங்கப்பூரில் கிடங்கு வேலை. விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் பாலம் ஏறி, இருட்டுகிற நேரத்துக்கு ஜொகூர் பாருவுக்குத் திரும்புகிற ஆள். உன்னை மடியில் வைத்துக்கொண்டு உன் அம்மா கைப்பேசியைச் சத்தமாக வைத்தாள்.

"தங்கச்சி, பசியாறிட்டீங்களா? மாப்ள பக்கத்துல இருக்காரா?"

"இருக்காரு அண்ணே. ஸ்பீக்கர்லதான் போட்டிருக்கேன்."

"நல்லதாப் போச்சு. மாப்ள, பத்திரிகைய வாட்ஸாப்புல அனுப்பினாலே அந்தக் கல்யாணத்துக்கு நான் போறதில்ல. நீங்க என்னைய வெளிய போன்னு வாட்ஸாப்புல அனுப்பிட்டீங்க."

"மச்சான், அது வெளிய போன்னு இல்ல. அந்தப் பங்கு கம்பெனிக்கு..."

"பங்கு எனக்கு எதுக்கு லா? நான் கேட்டேனா?"

"கேக்கல."

"அப்பறம் ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்த ஏழு பேருல நானும் ஒரு ஆளா?"

எனக்குக் கேள்வி புரியவில்லை. நியாயமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, "எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் மச்சான், யாருக்கும் வித்தியாசம் பாக்கல" என்றேன்.

அவருக்குப் பின்னால் லோரி போகிற சத்தம் கேட்டது. "சரி. ஞாயித்துக்கெழம வேற யார் மடியிலயாச்சும் வச்சு குத்திக்கங்க. அவங்களும் ஒரே மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நீ கைப்பேசியைப் பார்த்துக் கை நீட்டி அழுதாய்.

நான் கத்தினேன். ஒரு தாளுக்கு இவ்வளவா, கம்பெனி பிழைக்க வேண்டாமா, எல்லாரும் சேர்ந்து என் கழுத்தைப் பிடிக்கிறீர்களா என்று கத்தினேன். உன் அம்மா கத்தவில்லை. திட்டத்தை எழுத்துப் பிழை பார்த்துக் கொடுத்தவள் அவள்தான், பக்க எண் உட்பட அவளுக்கு மனப்பாடம்.

"ஏழாம் பக்கத்துல ஒரு படம் போட்டிருக்கீங்களே, மொத குழாய். அதுல இருக்கிற கை யாரோடது?"

எனக்குத் தெரியும். அந்தக் குழாய் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று நான்தான் படத்தை வெட்டினேன். வெட்டிய பிறகு அதில் மிச்சம் இருந்தது சேறு படிந்த இரண்டு கை. சேகர் மாமாவின் கை. வாரத்தில் அவருக்கு இருப்பது ஒரே ஒரு விடுமுறை நாள். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பெக்கான் நானாஸுக்கு வந்து, முழங்கால் வரை அந்தக் கறுப்பு மண்ணில் நின்று, எங்களோடு குழாய் இறக்கினார். ஒரு ஞாயிறு இரண்டு ஞாயிறு இல்லை, ஒரு மழைக்காலம் முழுக்க. பெட்ரோலுக்குக் கொடுத்தால் என் சட்டைப் பைக்குள் திருப்பித் திணித்துவிடுவார். ஒரு குழாய்கூடப் பார்க்காத ஆறு பேருக்கு எவ்வளவோ அவருக்கும் அவ்வளவே எழுதினேன், அதற்கு மரியாதை என்று பேர் வைத்தேன். பிறகு அந்த ஆறு பேரோடு சேர்த்து ஒரே தாளில் அவரை வெளியே அனுப்பினேன், அதற்கு நியாயம் என்று பேர் வைத்தேன். அந்தப் பெண்மணி இந்த ஏழு பேர் என்ன செய்கிறார்கள் என்று கேட்டபோது, இதில் ஒருவர் உங்கள் கையிலிருக்கும் ஏழாம் பக்கத்தில் இருக்கிறார் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆலோசகர்கள் என்று சொல்லி மொத்தமாக மூடினேன்.

அதனால் இதை நன்றாகக் கேட்டுக்கொள். திட்டத்தில் எல்லாப் பக்கத்தையும் நடந்து போய் எண்ணி எழுதிய நான், ஆட்களின் பக்கத்தை மட்டும் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுதினேன். வாய்க்காலை எண்ணத் தெரிந்தவனுக்கு வேலை செய்தவனை எண்ணத் தெரியவில்லை. எல்லாருக்கும் சமமாகக் கொடுப்பது நல்ல குணம் என்று உனக்கும் சொல்லித் தருவார்கள். வேலையைப் பார்க்காமல் சமமாகக் கொடுத்தால், வேலை செய்தவனை அவமானப்படுத்துகிறாய் என்று அர்த்தம். இதைக் கண்டுபிடிக்க எனக்குப் படிப்பு உதவவில்லை, ஒரு கோபக்காரர் கைப்பேசியை வைத்த பிறகுதான் புரிந்தது.

ஆனால் என் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. அந்த ஆறு பேரின் பங்கு திரும்பி வந்தே ஆக வேண்டும், அதில் மாற்றம் இல்லை. குழாயைத் தொடாத யாரும் குழாய்க் கம்பெனியைப் பிடித்து நிறுத்தக் கூடாது, அது பெரியப்பாவாக இருந்தாலும் சரி, என் அப்பாவாக இருந்தாலும் சரி. நான் கேட்டது சரி, கேட்ட விதம் தப்பு. இரண்டும் ஒன்றுதான் என்கிறாள் உன் அம்மா. இல்லை என்கிறேன் நான். அந்தச் சண்டை நீ இதைப் படிக்கும்போதும் நடந்துகொண்டிருக்கும்.

இந்தக் கடிதத்தின் முதல் பத்தியில் வேலை செய்கிறவர்கள் இரண்டு பேர் என்று எழுதியிருக்கிறேன். அது தப்பு. அடிக்காமல் அப்படியே விடுகிறேன், நீ பார்க்க வேண்டும் என்பதற்காக. மூன்று பேர்.

இனி நான் செய்யப்போவது:

1. இரண்டு குழுவிலும் போட்ட தாளை அழிப்பேன். விளக்கம் எழுத மாட்டேன். நான் எழுதினால் இன்னும் கெடும்.

2. இன்று மத்தியானமே வெற்றிலை பாக்குத் தட்டோடு உன்னையும் தூக்கிக்கொண்டு காஹாங்குக்குப் போய், பெரியப்பா எதிரில் உட்கார்ந்து கேட்பேன். பங்கு திரும்பி வரும். புது அலுவலகத் திறப்பு விழாப் பத்திரிகையில் முதல் பேர் அவருடையது, பெரிய எழுத்தில். எந்த முகத்தோடும் கோயிலுக்குப் போகலாம்.

3. மற்ற ஐந்து பேர் வீட்டுக்கும் நாளைக்குள் அதே தட்டோடு போவேன். கோப்பி கொடுத்தால் குடிப்பேன். அவசரப்படுத்த மாட்டேன். முயற்சி செய்வேன்.

4. ஏழாம் பக்கத்தில் வெட்டாத படத்தைப் போடுவேன், முகத்தோடு, பேரோடு.

5. பதின்மூன்றாம் பக்கத்தை மூன்று பேரோடு திரும்ப எழுதுவேன். சேகர் மாமாவின் பங்கு எவ்வளவு என்பதை நானாக எழுத மாட்டேன். ஜெரால்டையும் வைத்துக்கொண்டு அவரிடம் கேட்டு எழுதுவேன். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பேன், அவர் சட்டைப் பையில் திணிக்க மாட்டேன்.

6. வருகிற வெள்ளிக்கிழமைக்குள் அந்தப் பெண்மணியிடம் போய், அன்று ஆலோசகர்கள் என்று சொன்னது பொய் என்று சொல்வேன். அதற்காக அவர் முதலீடு செய்யாவிட்டால் செய்யாமல் போகட்டும்.

7. இன்று சாயங்காலம் காஹாங்கிலிருந்து நேரே ஜொகூர் பாருவுக்குப் போய், பாலத்திலிருந்து சேகர் மாமா இறங்கி வீட்டுக்கு வரும்போது அவர் வாசலில் நிற்பேன், உன்னைத் தூக்கிக்கொண்டு.

8. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாயை விரித்து அவர் இடத்தைக் காலியாக வைப்பேன். மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் சொன்னது சொன்னதுதான், வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். வேறு யார் மடியிலும் வைத்து உன் காதைக் குத்த விடமாட்டேன், இந்த ஞாயிறு மட்டுமில்லை, எந்த ஞாயிறும். அவர் வந்தாரா என்று என்னைக் கேட்காதே. உன் காதைத் தொட்டுப் பார்.